சங்கிலி பிடிச்சு எவன் அளந்தான்?

திருநெல்வேலிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் வான்வழித் தூரம் எவ்வளவு என்று கைபேசியில் தட்டினால், விரலை எடுக்குமுன் பதில் வந்துவிடுகிறது. சுமார் 14,450 கிலோமீட்டர். சில தளங்களுக்கு அது போதாது. புள்ளி வைத்து இன்னும் இரண்டு இலக்கம் சேர்த்தால்தான் திருப்தி. அந்த இரண்டாவது இலக்கம் பத்து மீட்டர் கணக்கு. அவ்வளவு சுத்தமாகச் சொல்ல வேண்டுமென்றால் திருநெல்வேலியில் எந்த இடம் என்று முதலில் சொல்ல வேண்டாமா? நெல்லையப்பர் கோயில் வாசலா, ஜங்ஷன் ஈரடுக்குப் பாலமா, வண்ணார்பேட்டையா? டவுணிலிருந்து ஆற்றைத் தாண்டிப் பாளையங்கோட்டைக்கு வரவே சில கிலோமீட்டர் ஆகும். ஊரே அத்தனை அகலம் இருக்கையில் அமெரிக்காவுக்குப் பத்து மீட்டர் சுத்தமாகக் கணக்குச் சொல்கிறான் என்றால், அந்தப் புள்ளியைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். என் சித்தப்பா விடவில்லை.

சித்தப்பா அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். தூரம் என்றால் அவருக்கு மைல்கல், டீசல், டயர். தென்காசிக்கு, செந்தூருக்கு, தூத்துக்குடிக்கு, நாகர்கோவிலுக்கு எந்த வழியில் போனால் எத்தனை கிலோமீட்டர், அதற்கு எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். அவர் மகள் சான் பிரான்சிஸ்கோ பக்கம் வேலையில் இருக்கிறாள். பிள்ளை பிறந்திருக்கிறது; சித்தியும் அவரும் போயாக வேண்டும். டிக்கெட் பார்க்க என்று என் வீட்டுக்கு வந்தவரிடம் இந்த எண்ணைக் காட்டினேன். எவ்வளவு நேரம் ஆகும், நடுவில் எங்கே இறங்க வேண்டும், சாப்பாடு போடுவானா என்றுதான் கேட்பார் என நினைத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எவன்ல அளந்தான்?”

“அளக்கறதில்ல சித்தப்பா. கணக்குப் போட்டுச் சொல்லுதாங்க.”

“கணக்குப் போடணும்னா மொதல்ல ஒண்ணையாவது அளந்திருக்கணும்லா? நம்ம ரோட்டுல கல்லு நட்டவன் சங்கிலி பிடிச்சு அளந்துட்டுதானே நட்டான். ஆகாசத்துல எவன் சங்கிலி பிடிச்சான்?”

அட்சரேகை, தீர்க்கரேகை, உருண்டை, சூத்திரம் என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். “சரி சரி” என்றார். பெரியவர்கள் ‘சரி’ என்று சொல்வதில் ஒரு வகை உண்டு. நீ சொன்னது பதில் இல்லை, ஆனாலும் உனக்கு இதற்கு மேல் தெரியாது என்பது எனக்குப் புரிந்துவிட்டது, சங்கடப்படாதே என்று அர்த்தம். அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கேள்வி போகவில்லை. யோசிக்க யோசிக்க, அந்தச் சூத்திரத்தை எழுதியவர்களைவிடச் சித்தப்பா சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார் என்று தோன்றியது.

மதுரை வழியாக அமெரிக்கா

பிள்ளைகள் பள்ளியில் படித்தபோது வாங்கிய உலக உருண்டை அலமாரி மேல் கிடந்தது. இறக்கித் துடைத்து, தையல் நூலின் ஒரு முனையைத் தமிழ்நாட்டின் அடியிலும் மறுமுனையைக் கலிபோர்னியாக் கரையிலும் வைத்து இழுத்துப் பிடித்தேன். நூல் வழுக்கிக்கொண்டு மேலே போய் சைபீரியாவில் உட்கார்ந்தது. வகுப்பறைச் சுவரில் தொங்கிய வரைபடத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது ஒப்பாது. அந்தப் படத்தின் மூலம், 1569-ல் மெர்காட்டர் கப்பல்காரர்களுக்காகப் போட்டது. திசைகாட்டியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு போகிறவனுக்கு அதில் வழி நேர்கோடாகத் தெரியும். அதற்காக வடக்கே போகப் போக நிலத்தை இழுத்துப் பெரிதாக்கியிருப்பார்கள். ஆப்பிரிக்காவில் பதினாலில் ஒரு பங்குகூட வராத கிரீன்லாந்து அதில் ஆப்பிரிக்கா அளவுக்குப் படர்ந்து கிடக்கும். அந்தப் படத்தில் ஸ்கேல் வைத்துத் தூரம் பார்ப்பது வீண்.

நூலோடு விடாமல் கணக்கும் போட்டுப் பார்த்தேன். திருநெல்வேலியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு மிகக் குறுகிய வழி எந்தத் திசையில் தொடங்குகிறது தெரியுமா? வடக்கிலிருந்து சுமார் 21 பாகை கிழக்கே சாய்ந்து. அதாவது மதுரைப் பக்கம். பக்கம் என்று ஒப்புக்குச் சொல்லவில்லை. அந்தக் கோடு மதுரை மேலேயே போகிறது. அங்கிருந்து வேலூருக்குச் சற்றுக் கிழக்கே, விஜயவாடாவை ஒட்டி, காத்மாண்டுக்குக் கொஞ்சம் கிழக்கே இமயமலையைத் தாண்டி, திபெத், மங்கோலியா, சைபீரியா என்று ஏறி, கிட்டத்தட்ட 69½ பாகை வடக்கே உச்சியைத் தொடுகிறது. ஆர்க்டிக் வட்டம் 66½ பாகையில் இருக்கிறது. அதற்குள் நன்றாகவே நுழைந்துவிடுகிறது. பிறகு பேரிங் நீரிணைக்குச் சற்று வடக்காகக் கடந்து, அலாஸ்கா வழியே பசிபிக் கரையில் இறங்கி வருகிறது. நெல்லை எக்ஸ்பிரஸ் புறப்படுகிற அதே திசையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு, எங்கும் திரும்பாமல் போனால் கலிபோர்னியா.

சித்தப்பாவிடம் சொன்னபோது, “அமெரிக்கா மேக்க இருக்குன்னு ஊரே சொல்லுது, நீ வடக்க கூட்டிட்டுப் போற” என்றார். ஊர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இங்கிருந்து போகிறவர் எல்லாரும் மேற்கேதான் போகிறார்கள். வாகைக்குளத்தில் விமான நிலையம் இருந்தாலும் அங்கிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும்தான் போகலாம். வெளிநாடு என்றால் நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, ஆரல்வாய்மொழி, நாகர்கோவில் என்று கார் பிடித்துத் திருவனந்தபுரம், அங்கிருந்து வளைகுடா, வளைகுடாவிலிருந்து இன்னொரு விமானம். மிகக் குறுகிய கோட்டுக்குக் கிட்டத்தட்ட முதுகைக் காட்டிக்கொண்டு நம் பயணம் தொடங்குகிறது. திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்குச் சுமார் 2,950 கிலோமீட்டர், துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 13,000 சொச்சம். கூட்டினால் 16,000-ஐத் தொடும். காரில் போகிற 150 கிலோமீட்டரை இதில் சேர்க்கவில்லை. ஆனால் சித்தியின் முழங்காலைக் கேட்டால் அதுதான் இருப்பதிலேயே நீளமான தூரம் என்பாள்.

கோடு போகிற வழியில் விமானம் போகாது

சரி, யாராவது ஒருவர் மதுரை மேலே அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட முடியுமா? முதல் தடங்கல் திபெத். விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் விமானி உடனே 10,000 அடிக்கு இறக்க வேண்டும். அந்த உயரத்தில்தான் முகமூடி இல்லாமல் மூச்சு விடலாம். 10,000 அடி என்பது 3,000 மீட்டர் சொச்சம். திபெத் பீடபூமியின் தரையே சராசரியாக 4,500 மீட்டரில் இருக்கிறது. இறங்கச் சொன்னால் எங்கே இறங்குவது? அதனால் பெரும்பாலான விமானங்கள் அதைச் சுற்றிப் போகின்றன. அடுத்து சைபீரியா. மைல் கணக்கில் ஆளரவம் இல்லாத நிலம். 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போன ஒரு விமானம் எஞ்ஜின் கோளாறால் ரஷ்யாவின் கிழக்கு மூலையில் மகதான் என்ற ஊரில் இறங்கியது. இருநூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள், மாற்று விமானம் வரும்வரை அங்கே கிடைத்த இடத்தில் தங்கிக் காத்திருந்தார்கள். பஸ் நடுவழியில் நின்றால் பின்னால் வருகிற பஸ்ஸில் ஏற்றிவிடலாம். இதில் பின்னால் எதுவும் வராது.

மூன்றாவது தடங்கல், யாருடைய வானம் என்பது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யா தன் வானத்தை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பது மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த பின்லாந்து விமானங்கள் வட துருவத்தைச் சுற்றிப் பதின்மூன்று மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. இரண்டு ஊரும் நகரவில்லை. கைபேசியில் தட்டினால் தூரமும் பழைய தூரம்தான்.

இதையெல்லாம் விட எனக்குச் சுவையாகப்பட்டது காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆடி மாதம் நாகர்கோவில் ரோட்டில் பஸ்ஸை மேற்கே ஓட்டிப் போகும்போது வண்டியை யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும் என்று சித்தப்பா சொல்லுவார். டெப்போவில் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் கே.எம்.பி.எல். கணக்குப் பார்ப்பார்கள், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்று. ஆடியில் போகும்போது அது விழும், வரும்போது ஏறும். “கல்லு மாறாது, டீசல் மாறும்” என்பார். பூமிக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், நடு அட்சரேகைகளில், இதே மாதிரி ஒரு காற்று மேற்கிலிருந்து கிழக்காக ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. சில நாள் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்துக்கு முப்பந்தல் காற்றாலை ஒன்றும் தாங்காது.

இந்தக் காற்றை நம்பி 2016 அக்டோபரில் ஏர் இந்தியா ஒரு வேலை செய்தது. டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அதுவரை போன அட்லாண்டிக் பக்கத்தை விட்டுவிட்டுக் கிழக்கே, பசிபிக் மேலாகத் திருப்பியது. தூரம் சுமார் 1,400 கிலோமீட்டர் கூடி 15,300 ஆயிற்று. நேரமோ கிட்டத்தட்ட இரண்டு மணி குறைந்து பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. சுற்றுவழி, சீக்கிரவழி. அதே நிறுவனத்தின் இன்னொரு கதை 2021 ஜனவரியில். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு முதல் நேர் விமானம். கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் விமானி அறை முழுக்கப் பெண்கள். இரண்டு ஊருக்கும் நேர்த்தூரம் 13,993 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். ஆனால் எதிர்க்காற்றைத் தவிர்க்க அவர்கள் வட துருவத்துக்கு மேலே ஏறி இறங்கினார்கள். அப்படிப் பறந்தது சுமார் 16,000 என்று செய்திகளில் வந்தது. 2,000 கிலோமீட்டர் வித்தியாசம். அது கன்னியாகுமரியிலிருந்து டெல்லியைத் தொடப் போகிற அளவு.

ஆக, அந்த எண்ணை யாரும் அளந்ததில்லை, யாரும் பறந்ததும் இல்லை. இங்கே எனக்கு ஒரு சலிப்பு வந்தது. வெறும் ஏட்டுச் சுரைக்காய்க்கு எதற்குப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம்? சித்தப்பா கேட்டதற்கு, “எவனும் அளக்கல சித்தப்பா, எல்லாம் சும்மா” என்று முடித்துவிடலாம் போலிருந்தது.

ஒரே ஒரு நீளம்

முடிக்கவிடாமல் செய்தது அந்தச் சூத்திரமே. அதற்குள் போகிற சரக்கைப் பார்த்தால், முதல் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை. இரண்டாவது ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை. நாலும் கோணங்கள். வானத்தில் நட்சத்திரத்தையோ சூரியனையோ பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து எடுத்துவிடலாம். கட்டிலில் படுத்துக்கொண்டே எடுக்கலாம். கோணத்தை எத்தனை கூட்டிப் பெருக்கினாலும் கிலோமீட்டர் வராது. கிலோமீட்டர் வர வேண்டுமென்றால் எங்காவது ஒரு நீளத்தை உள்ளே போட வேண்டும். அந்தச் சூத்திரத்தில் நீளம் என்று இருப்பது ஒன்றே ஒன்று: பூமியின் ஆரம், 6,371 கிலோமீட்டர். திருநெல்வேலி–சான் பிரான்சிஸ்கோ ஆகட்டும், சிங்கப்பூர்–நியூயார்க் ஆகட்டும், உலகத்தில் எந்த இரண்டு ஊருக்கும் வான்தூரம் அந்த ஒற்றை நீளத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ‘மொதல்ல ஒண்ணையாவது அளந்திருக்கணும்லா’ என்று சித்தப்பா கேட்டது அந்த ஒன்றைத்தான்.

ஆரத்தை யார் அளந்தார்கள்? பூமிக்குள் கம்பி விட்டு அளக்க முடியாது. வடக்கு தெற்காக ஒரு நீண்ட கோட்டைத் தரையில் அளந்து, அதன் இரண்டு முனையிலும் நட்சத்திரத்தின் உயரத்தைப் பார்த்தால், இத்தனை கிலோமீட்டருக்கு வானம் இத்தனை பாகை சாய்கிறது என்று தெரியும். அதிலிருந்து முழு வட்டம், வட்டத்திலிருந்து ஆரம். பிரெஞ்சுக்காரர்கள் 1790-களில் டன்கிர்க் முதல் பார்சிலோனா வரை இப்படி அளந்து, வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர் என்று வைத்தார்கள். பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர் என்று முழு எண்ணாக வருவதன் ரகசியம் அதுதான். ஆனால் ஒரே இடத்தில் அளந்தால் போதாது. பூமி சுத்த உருண்டை இல்லை. நடுவில் பருத்தும் துருவங்களில் தட்டையாகவும் இருக்கிறது. நிலநடுக்கோட்டு ஆரத்துக்கும் துருவ ஆரத்துக்கும் 21 கிலோமீட்டர் வித்தியாசம். அதனால் ஒரு பாகையின் நீளம் துருவத்தின் பக்கம் 111.7 கிலோமீட்டர், நம் பக்கம் 110.6. இந்த ஒரு கிலோமீட்டர் வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் ஐரோப்பாவில் அளந்தது போதாது, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலும் அளக்க வேண்டும்.

அதைத் தேடிப் படித்துக்கொண்டு போகையில்தான் வில்லியம் லாம்டன் வந்தார். பிரிட்டிஷ் படை அதிகாரி. 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டைச் சங்கிலி வைத்து அளந்து வேலையைத் தொடங்கினார். இந்தியப் பெருமுக்கோண அளவை என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோவோமே, அதுதான். முதலில் தரையில் ஒரு அடிக்கோடு; அதன் இரு முனையிலிருந்து தூரத்துக் குன்று ஒன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால், குன்று வரை போகாமலே தூரம் தெரிந்துவிடும். அந்தக் குன்றிலிருந்து அடுத்த குன்று. முக்கோணத்தின் மேல் முக்கோணமாக நாடு முழுக்க நகரலாம். கோணம் எடுக்கிற தியோடலைட் அரை டன் எடை. அது இங்கிலாந்திலிருந்து வருகிற வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி மொரிஷியசுக்குப் போய், பிறகு மரியாதையாகத் திருப்பி அனுப்பப்பட்டது. காவிரிச் சமவெளியில் குன்று கிடையாது என்று கோயில் கோபுரங்களில் ஏற்றினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்தது. லாம்டன் அதைக் கூடாரத்துக்குள் வைத்துத் தானே தட்டிச் சீர்செய்தார்.

முக்கோணம் முக்கோணமாகப் போனால் பிசகும் கூடிக்கொண்டே போகும். அதனால் இடையிடையே நின்று, கணக்கில் வந்த நீளம் சரிதானா என்று தரையில் மறுபடி சங்கிலி வைத்து ஒரு கோடு அளந்து ஒப்பிடுவார்கள். தெற்கே வந்தபோது அப்படி ஒரு அடிக்கோட்டை 1809-ல் அவர் அளந்த இடம் திருநெல்வேலி. அங்கிருந்து இறங்கிப் போய், கன்னியாகுமரிக்குப் பக்கத்தில், ஆவணங்களில் புன்னை என்று வருகிற நிலையத்தில் நின்றார். இந்தியாவின் நடுவே கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து இமயமலை அடிவாரம் வரை 2,400 கிலோமீட்டர் நீள்கிற அந்தப் பெருங்கோட்டின் தெற்கு முனை அது.

இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஊர்ப்பெருமை பேசுகிறவன் இல்லை நான். அல்வாவைத் தவிர வேறு எதற்கும் நெல்லையை இழுத்து வைத்துப் பேசினால் எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் சித்தப்பா சங்கிலி பிடித்தவன் எவன் என்று கேட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே, அந்தச் சங்கிலியை இழுத்திருக்கிறார்கள். எஃகுச் சங்கிலி, 100 அடி நீளம், 40 கண்ணி. ஊர் சர்வேயர் வயலுக்கு எடுத்து வருகிற 66 அடிச் சங்கிலி மாதிரி புல்லிலும் வரப்பிலும் இழுக்கக் கூடாது. மரப்பெட்டிகளை முக்காலிகளின் மேல் மட்டம் பார்த்து வரிசையாக வைத்து, அதன் மேல் சங்கிலியைக் கிடத்தி, விறைப்பாக இழுத்து, முனையைக் குறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் தூக்கி அடுத்த 100 அடிக்குக் கொண்டுபோக வேண்டும். இப்படி மைல் கணக்கில். வெயிலில் எஃகு நீளும் என்பதால் பக்கத்திலேயே வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு தடவையும் எத்தனை பாகை சூடு என்று எழுதி, நீண்ட நீளத்தைக் கழிக்க வேண்டும். நம் வெயில் வேறு. அந்தச் சங்கிலியைத் தூக்கிய ஆட்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் என் கண்ணில் படவில்லை. லாம்டன் பெயரும் அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் பெயரும் மட்டும் திரும்பத் திரும்ப வருகின்றன.

எவரெஸ்ட் இந்தக் கோட்டை வைத்து 1830-ல் பூமியின் உருவத்துக்கு ஒரு கணக்குப் போட்டார். நிலநடுக்கோட்டு ஆரம் அவர் கணக்கில் 6,377.28 கிலோமீட்டர். இன்று செயற்கைக்கோள்களை வைத்துச் சொல்வது 6,378.14. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான பிசகு. இந்தியாவின் வரைபடங்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த எவரெஸ்ட் கணக்கில்தான் வரையப்பட்டன. இப்போது கைபேசி பயன்படுத்துவது செயற்கைக்கோள் கணக்கு. சங்கிலிக்கு அதில் நேரடியாக வேலை இல்லை. ஆனால் மனுஷன் முதன்முதலாக அந்த ஒற்றை நீளத்தை நம்பும்படி பிடித்தது காலால் நடந்து, கையால் சங்கிலி தூக்கிய இடங்களில். அதில் ஒன்று நம் ஊர். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: மதுரை வழியாக சான் பிரான்சிஸ்கோ போகிற அந்தக் கோடு இமயமலையைத் தாண்டுகிற இடம், எவரெஸ்ட் சிகரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்குள்தான். அது தற்செயல். ஆனாலும் உருண்டை மேல் நூலைப் பிடித்துக்கொண்டிருந்தவனுக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டயர்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போனேன். சங்கிலிக் கதையைச் சொல்ல ஆரம்பித்ததும் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். பெரிய கோயிலில் கயிறு அறுந்ததைக் கேட்டு “ஐயையோ” என்றார். 100 அடிச் சங்கிலி என்றதும், நான் சொல்லுமுன் அவரே கேட்டார்: “வெயில்ல சங்கிலி நீளுமே, அதுக்கு என்ன செஞ்சான்?” வெப்பமானி வைத்ததைச் சொன்னேன். தலையை ஆட்டினார். “அப்பம் வெவரமானவன்தான். அளந்திருக்கான்.” முன்பு சொன்ன ‘சரி’க்கும் இதற்கும் வித்தியாசம் எனக்குக் கேட்டது.

பிறகு, பறக்காத தூரத்தைக் கணக்குப் போட்டு யாருக்கு என்ன லாபம் என்று கேட்டார். சட்டக்காரர்களுக்கு லாபம் என்றேன். ஐரோப்பாவில் 2004-ல் வந்த ஒரு சட்டப்படி, விமானம் ரத்தானாலோ ரொம்பத் தாமதமானாலோ பயணிக்குக் கொடுக்கிற நஷ்டஈட்டைத் தூரத்தை வைத்தே நிர்ணயிக்கிறார்கள்: 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, அதற்கு மேல் 400, நீண்ட பயணத்துக்கு 600. அங்கே தூரம் என்று எடுப்பது விமானம் சுற்றிய தூரத்தை இல்லை, உருண்டை மேல் போட்ட அந்தக் குறுகிய கோட்டை. காற்று, போர், திபெத் எதுவானாலும் அந்தக் கோடு மாறாது என்பதால் சண்டைக்கு இடமில்லை. விமானப் புகைக்குக் கணக்குப் பார்க்கிற விதியில் அதே கோட்டோடு 95 கிலோமீட்டர் சேர்த்துக்கொள்கிறார்கள், ஏறி இறங்கிச் சுற்றுவதற்கு என்று. “டெப்போவுல நமக்கும் இப்பிடித்தான் ஷெட்டுக்குப் போக வர ரெண்டு கிலோமீட்டர் எழுதிக்குடுப்பான்” என்றார் சித்தப்பா. அந்த 95-ஐ இவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொண்ட ஆளை நான் பார்த்ததில்லை.

சித்தி உள்ளேயிருந்து, திருவனந்தபுரம் வழி டிக்கெட் போட்டாயிற்றா இல்லையா என்று கேட்டாள். போட்டாயிற்று என்றேன். துபாயில் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும், சக்கர நாற்காலி சொல்லியிருக்கிறது. சித்தப்பாவுக்கு அதில் எல்லாம் கவனம் இல்லை.

“அப்பம் அவன் எவ்வளவு பறந்தான்னு அவன் மீட்டர்ல தெரியும்லா?”

“பஸ்ஸுல இருக்க மாதிரி கிலோமீட்டர் மீட்டர் ப்ளேன்ல கெடையாது சித்தப்பா. எத்தனை மணி நேரம் பறந்துச்சு, எத்தனை தடவை ஏறி எறங்குச்சுன்னுதான் எழுதி வைப்பாங்க. சர்வீஸுக்கு விடறதும் அந்தக் கணக்குலதான்.”

இதைக் கேட்டுத்தான் அவர் உண்மையிலேயே ஆடிப்போனார். 14,450-ஐயும் 16,000-ஐயும் ஏற்றுக்கொண்ட மனுஷனுக்கு, இவ்வளவு பெரிய வண்டி கிலோமீட்டர் தெரியாமல் ஓடுகிறது என்பது தாங்கவில்லை. “டயரு? டயரை எந்தக் கணக்குல மாத்துவான்?” என்றார். எத்தனை தடவை தரையிறங்கியது, எவ்வளவு தேய்ந்தது என்று பார்த்து என்றேன். கொஞ்சம் யோசித்தார். “அதுஞ் சரிதான். தேயறது எறங்கும்போதுதானே” என்று சொல்லிவிட்டு, சித்தியைப் பார்த்து, துபாயில் எறங்கும்போது சன்னல் பக்கம் தனக்குத்தான் வேண்டும், சக்கரம் தரையில் படுவதைப் பார்க்கணும் என்றார். இறக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தால்கூட சன்னலிலிருந்து சக்கரம் தெரியாது. நான் சொல்லவில்லை, சித்தி ஏற்கெனவே அந்த சன்னலுக்குச் சண்டையைத் தொடங்கியிருந்தாள்.